ஏலப் பட்டியலில் ஒரு ஹொக்கி அட்டையை வாசிப்பது எப்படி

ஸ்காபரோவில் என் நகைக்கடை மேசை லாச்சிக்குள் பத்து மடங்கு பெருப்பித்துக் காட்டும் லூப் ஒன்று கிடக்கும். கனகாலமாக அதில் கல்லையும் முத்திரையையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். 2018-இல் என் மகன் ஹொக்கி அட்டைகளை, ஆட்டக்காரரின் படம் அச்சிட்ட சேகரிப்பு அட்டைகளை, கொண்டுவந்து அதற்குக் கீழே வைக்கத் தொடங்கினான். "அப்பா, இந்த மூலையைப் பாருங்கோ, மழுங்கியிருக்கா?" என்பான். அவன் படிக்கப் போய்விட்டான். பைத்தியம் என்னிடம் தங்கிவிட்டது.

இப்போது மோதிரம் பெருப்பிக்க வருகிறவர்களில் சிலர் சப்பாத்துப் பெட்டியும் கையுமாக வருகிறார்கள். "அண்ணை, மகன்ரை பழைய அட்டையள். இதிலை ஒண்டு ஏலத்திலை மில்லியனுக்குப் போச்சாம்." போனதுதான். ஆனால் ஏலக்காரர் எழுதியதை முழுக்க வாசித்துவிட்டா வந்தீர்கள் என்று கேட்டால் தலையைச் சொறிகிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். விளங்கிக்கொள்ள ஒரே ஒரு அட்டை போதும்: 1979-80 ஓ-பீ-சீ, இலக்கம் 18, ஹொக்கி நட்சத்திரம் வெய்ன் கிரெட்ஸ்கி. கனடாவில் இருந்துகொண்டு வேறு எதைச் சொல்ல?

தலைப்பு வரி

பட்டியலில் இப்படி இருக்கும்: "1979 ஓ-பீ-சீ வெய்ன் கிரெட்ஸ்கி ரூக்கி #18 பி.எஸ்.ஏ. இ.எக்ஸ்-எம்.டி. 6." ஆண்டு, அச்சிட்டவர், ஆட்டக்காரர், இலக்கம், தரம் பார்த்த நிறுவனம், கொடுத்த தரம். விலையில் பெரும்பகுதி இந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. கீழே வரும் நாலு பந்தி வர்ணனையில் இருப்பது மிச்சம்தான்.

அச்சிட்டவர் பெயரில்தான் முதல் ஏமாற்றம். ஓ-பீ-சீ ஒன்ராறியோவின் லண்டன் நகரத்துக் கம்பனி. அதே ஆண்டில் அமெரிக்காவில் டொப்ஸ் கம்பனியும் அதே படத்தோடு, அதே இலக்கம் 18 என்று கிரெட்ஸ்கி அட்டையை அடித்தது. முன்பக்கம் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் ஆங்கிலமும் பிரெஞ்சும் இருந்தால் ஓ-பீ-சீ. ஆங்கிலம் மட்டும் என்றால் டொப்ஸ். ஒரே தரத்தில் டொப்ஸ் அட்டைக்கு வழக்கமாக விலை குறைவு. சப்பாத்துப் பெட்டியோடு வருகிறவர்களின் முகம் வாடுகிற இடங்களில் இது ஒன்று.

"ரூக்கி" என்றால் அந்த ஆட்டக்காரரின் முதல் அட்டை. விலையை ஏற்றும் சொல்தான், ஆனால் அதுவே எல்லாமில்லை. 2022 ஓகஸ்டில் ஹெரிடேஜ் ஏலத்தில் 12.6 மில்லியன் அமெரிக்க டொலருக்குப் போன 1952 டொப்ஸ் மிக்கி மான்டில், அந்த பேஸ்போல் வீரரின் ரூக்கி அட்டை இல்லை; அவருடைய ரூக்கி 1951-இல் போமன் கம்பனி அடித்தது. அந்த 1952 அட்டையை அச்சுத் தாளில் இரண்டு முறை வேறு அடித்திருந்தார்கள். அந்தத் தொகுப்பின் அதே பகுதியில் அதைவிட அரிதான அட்டைகள் நிறைய உண்டு, அவற்றை ஒருவரும் தேடுவதில்லை. எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பதுதான் கணக்கு.

இலக்கம் சொல்வதும் சொல் சொல்வதும்

தரம் 1 தொடக்கம் 10 வரை. பி.எஸ்.ஏ. 1991-இல் தொடங்கியது, எஸ்.ஜி.சி., பெக்கெட் எல்லாம் பிறகு வந்தவை. அட்டையைப் பார்த்து, தரம் போட்டு, கடினப் பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்து, மேலே சீட்டு ஒட்டித் தருவார்கள். எங்கள் தொழிலில் 22 கரட் முத்திரை குத்துவது போல.

அந்த இலக்கத்தோடு வரும் ஆங்கிலச் சொற்களை மட்டும் நம்பவேண்டாம். "வெரி குட்" என்றால் 3: மூலை உருண்டு, மடிப்புக்கூட இருக்கலாம். "குட்" என்றால் 2. அதாவது நல்லது என்றால் நல்லாயில்லை. "எக்ஸலன்ட்" 5-தான். "மின்ட்" என்ற சொல் 9-இல்தான் தனியாக வருகிறது. தரம் பார்க்காத அட்டையை விற்கிறவர் "வெரி குட்" என்று எழுதினால் அவர் உண்மை சொல்கிறார். பிழையாக விளங்கிக்கொள்வது நாங்கள்.

இலக்கத்துக்குப் பக்கத்தில் இரண்டு எழுத்து நிற்கிறதா என்றும் பாருங்கள். 8-க்குப் பக்கத்தில் ஓ.சி. என்றிருந்தால் படம் நடுவில் இல்லை என்று பொருள். எம்.கே. என்றால் பேனைக் கோடு, எஸ்.டி. என்றால் கறை. தலைப்பில் 8 பெரிதாகத் தெரியும், எழுத்து சின்னதாக ஒட்டிக்கொண்டிருக்கும். வாங்குகிறவர்கள் அதை 6 போலத்தான் மதிப்பார்கள்.

இலக்கமே இல்லாமல் "ஓதென்டிக்" என்று மட்டும் இருந்தால் நின்று யோசிக்கவேண்டும். அட்டை உண்மையானது, ஆனால் அதில் ஏதோ கைவேலை நடந்திருக்கலாம். நிறம் பூசியிருக்கலாம், ஓரத்தை வெட்டியிருக்கலாம்.

வெட்டிய ஓரம்

இதில் நான் காசு கொடுத்துப் படித்தேன். 2019-இல் ஒரு சின்ன இணைய ஏலத்தில் உறையில்லாத கிரெட்ஸ்கி அட்டை ஒன்று வந்தது. வர்ணனையில் "ஓரங்கள் சவரக்கத்தியால் வெட்டியது போலக் கூர்மை" என்று எழுதியிருந்தார்கள். நான் மயங்கிவிட்டேன். 700 டொலர். அட்டை வந்ததும் லூப்பை வைத்துப் பார்த்தேன். மூன்று ஓரம் பஞ்சு பறந்தது போல இருந்தது, வலப்பக்க ஓரம் மட்டும் கண்ணாடித் துண்டு.

அந்தக் காலத்து ஓ-பீ-சீ அட்டைகளைக் கம்பியால் வெட்டினார்கள். அதனால் ஓரம் நார் நாராக, சில இடத்தில் பல் பல்லாக இருப்பதே அவற்றின் இயல்பு. அது அழகில்லை என்று அமெரிக்க வாடிக்கையாளர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கு அது பிறப்புச் சான்றிதழ். அட்டை இரண்டரை அங்குல அகலம், 63.5 மில்லிமீற்றர். வேர்னியரை எடுத்து அளந்தேன்: 62.7. மகன் பேசாமல் நின்றான். "அனுப்பிப் பாப்பம் அப்பா" என்று மட்டும் சொன்னான். தரம் பார்க்க அனுப்பினோம். வெட்டப்பட்ட அட்டை, தரம் இல்லை என்று உறை இல்லாமலே திரும்பி வந்தது. அதற்குள் விற்றவர் கொடுத்த தவணை முடிந்திருந்தது. "சவரக்கத்தியால் வெட்டியது போல" என்று அவர் எழுதியதில் "போல" என்ற சொல் மட்டும்தான் பொய்.

கிரெட்ஸ்கிக்கே இது நடந்திருக்கிறது என்று பிறகு அறிந்தபோது கொஞ்சம் ஆறுதல். 1909-11 காலத்துச் சிகரெட் பெட்டிகளோடு வந்த டி206 என்ற தொகுப்பின் ஹோனஸ் வாக்னர் பேஸ்போல் அட்டை ஒன்றை, 1991-இல் சதபீஸ் ஏலத்தில் அவரும் அவர் ஆடிய அணியின் அப்போதைய உரிமையாளர் புரூஸ் மக்னாலும் சேர்ந்து 451,000 டொலருக்கு வாங்கினார்கள். பி.எஸ்.ஏ. முதன்முதலில் தரம் போட்ட அட்டை அதுதான், கொடுத்தது 8. அதன் ஓரங்களை வெட்டியது தானே என்று பில் மாஸ்ட்ரோ 2013-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அவர் யார்? பெரிய ஏல நிறுவனம் நடத்தியவர். ஆள் வைத்து ஏலத்தை ஏற்றியதும் அந்த வழக்கில் சேர்த்தி. 20 மாதச் சிறை. வேடிக்கை என்னவென்றால், அந்த அட்டை அதற்கு முன்பே 2007-இல் 2.8 மில்லியனுக்குப் போயிருந்தது.

அதனால் உறைக்குள் இருந்தாலும் அட்டையைப் பாருங்கள். சீட்டு ஒருவரின் கருத்து. நல்ல ஏல நிறுவனம் இரண்டு பக்கமும் பெரிய படம் போடும். நான் செய்வது இது: படத்தைத் திரை முழுக்கப் பெருப்பித்து, இடது வலது கரைகளை அடிமட்டத்தால் அளப்பேன். ஒன்று 30, மற்றது 20 மில்லிமீற்றர் என்றால் 60-40 சாய்வு. முன்பக்கம் இவ்வளவு சாய்ந்தாலே இப்போது பி.எஸ்.ஏ. 10 கிடைக்காது. பிறகு மேல்கீழ். பிறகு மூலைகள்: இந்த அட்டைக்கு நீலக் கரை, அதனால் நுனி உரிந்தால் வெள்ளை பளிச்சென்று தெரியும். ஒரே 6-க்குள் நடுவில் நிற்கும் அட்டையும் ஒருபக்கம் சரிந்த அட்டையும் இருக்கும், விலை ஒன்றாக இராது.

வர்ணனையில் "7 போலத் தோற்றமளிக்கும்" என்று வந்தால் அது 6. "இந்தத் தரத்துக்கு மூலைகள் கூர்மை" என்றால் வேறு இடத்தில் குறை, பெரும்பாலும் பின்பக்கத்தில். நாலு மூலையைப் புகழ்ந்துவிட்டு நடுவில் நிற்கிறதா என்று ஒரு சொல்லும் இல்லையென்றால், நிற்கவில்லை. மணமகனைப் பற்றித் தரகர் சொல்வதை எப்படிக் கேட்போமோ அப்படிக் கேட்கவேண்டும்.

"பொப் 4, இதற்கு மேல் இல்லை" என்ற வரி அடிக்கடி வரும். அந்த நிறுவனம் அந்தத் தரத்தை இதுவரை நாலு அட்டைக்குத்தான் கொடுத்தது என்று பொருள். உலகத்தில் நாலுதான் இருக்கிறது என்று இல்லை. நாளைக்கு யாரோ ஒருவரின் நிலவறையில் ஐந்தாவது கிடைக்கலாம். ஒரே அட்டையை உறை உடைத்து மறுபடி அனுப்புகிறவர்களாலும் இந்த எண்ணிக்கை வீங்கும். தரம் 10 பெற்ற ஓ-பீ-சீ கிரெட்ஸ்கி இரண்டே இரண்டு என்பது மாதிரிக் கணக்கு வேறு. கம்பி வெட்டும் நீலக் கரையும் சேர்ந்து அந்த எண்ணிக்கையைக் கூடவிடாமல் வைத்திருக்கின்றன.

விலை

அந்தப் பத்துத் தரக் கிரெட்ஸ்கி 2016-இல் 465,000 டொலர். 2020 டிசம்பரில் 1.29 மில்லியன். 2021 மேயில் 3.75 மில்லியன். பிந்திய இரண்டும் ஹெரிடேஜ் மூலம் நடந்த விற்பனைகள். அட்டை மாறவில்லை, காலம்தான் மாறியது. இறங்கவும் செய்யும்: 1986-இல் ஃப்ளீர் கம்பனி அடித்த மைக்கேல் ஜோர்டன் அட்டை, தரம் 10, 2021 ஜனவரியில் 738,000 டொலர். ஒரு வருடம் கழித்து அதே தரத்து அட்டை அதில் மூன்றில் ஒரு பங்கும் தேறவில்லை. பத்துத் தரத்திலேயே 300-க்கு மேல் இருக்கிற அட்டை அது.

ஏல நிறுவனம் போடும் மதிப்பு எங்கிருந்து வருகிறது? அதே அட்டை, அதே நிறுவனத்தின் அதே தரம், அண்மையில் என்ன விலைக்குப் போனது என்று பார்க்கிறார்கள். நீங்களும் அதையே செய்யலாம், பழைய விலைகள் இணையத்தில் கிடக்கின்றன. கடைசி ஒரு வருடத்து விற்பனைகளில் ஐந்தாறை எழுதி, ஆகக் கூடியதையும் ஆகக் குறைந்ததையும் வெட்டிவிடுங்கள். ஆகக் கூடியது இரண்டு பேர் கோபத்தில் ஏற்றிய விலையாக இருக்கும். பட்டியலில் அவர்கள் அச்சிடும் மதிப்பைக் கொஞ்சம் குறைத்தே போடுவார்கள் என்பது என் எண்ணம். ஆட்கள் உள்ளே வந்தால்தானே ஏலம் ஏறும்.

இன்னொன்று. செய்தியில் வரும் விலை ஏலம் படிந்த விலை இல்லை. அதற்கு மேல் வாங்குகிறவர் கட்டும் கட்டணம் உண்டு, பவுண் விலைக்கு மேல் செய்கூலி மாதிரி. 20 வீதம் அல்லது அதற்குச் சற்று மேல். நிபந்தனைகளில் இருக்கும், வாசியுங்கள். 12.6 மில்லியன் மான்டில் 10.5-இல்தான் படிந்தது. ஆகவே பழைய விலையைப் பார்த்து அதையே கேட்டால் நீங்கள் ஐந்தில் ஒரு பங்கு கூடக் கேட்கிறீர்கள்.

எங்கள் பக்கத்துக் கணக்கு இப்படி. 500 அமெரிக்க டொலரில் படிந்தது என்று வையுங்கள். கட்டணத்தோடு 600. கனேடியக் காசில், 1.37 என்று எடுத்தால், 822. எல்லையில் எச்.எஸ்.டி. வரி 13 வீதம்: 929. அதற்கு மேல் தபாலும் காப்புறுதியும். 500 என்று கை தூக்கியவர் ஆயிரத்துக்குப் பக்கத்தில் போய் நிற்பார். நான் கடைசித் தொகையை முதலில் எழுதி, அங்கிருந்து பின்னுக்கு வந்து, கேட்கக்கூடிய விலையை ஒரு துண்டில் குறித்து லாச்சிக்குள் வைப்பேன். இரவு பதினொரு மணிக்கு ஏலம் நீண்டுகொண்டே போகும்போது அந்தத் துண்டைத்தான் பார்ப்பேன், திரையை இல்லை.

வெட்டிய கிரெட்ஸ்கி இன்னும் அதே லாச்சிக்குள், லூப்புக்குப் பக்கத்தில் கிடக்கிறது. அட்டையோடு வருகிறவர்களிடம் அதைக் கொடுத்து, எந்தப் பக்கம் வெட்டியிருக்கு என்று கேட்பேன். அநேகமானோர் மூலைகளைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். போன கிழமை தாயோடு வந்த பதினொரு வயதுப் பிள்ளை லூப்பை வாங்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு நாலு ஓரத்தையும் விரலால் ஒருக்காத் தடவினாள்.

"இந்தப் பக்கம் வழுக்குது மாமா."