எரிக் சொல்ஹெய்மின் வாழ்க்கைக் குறிப்பை எழுதும் முறை

நோர்வே அரசியல்வாதி எரிக் சொல்ஹெய்மைத் தமிழர் பலர் இலங்கைக்கான சமாதானத் தூதுவராகவே அறிவதால், அவரைப் பற்றி எழுதுவோர் 2000ஆம் ஆண்டிலிருந்தே தொடங்கிவிடுகின்றனர். அதற்கு முந்தைய இருபது ஆண்டுகள் விடுபட்டால், அவர் எங்கிருந்து வந்தார் என்பதே விளங்காது.

எழுதத் தொடங்குமுன் அவர் வகித்த பதவிகளை ஆண்டுகளோடு ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். 1955இல் ஒஸ்லோவில் பிறந்த அவர், சோசலிச இடதுசாரிக் கட்சியின் இளைஞர் அமைப்பை வழிநடத்தி, பின்னர் கட்சிச் செயலாளராகி, 1987 முதல் 1997 வரை கட்சித் தலைவராக இருந்தார். 1989 தேர்தலில் அக்கட்சி 165 ஆசனங்களில் 17ஐ வென்றதைத் தவறாமல் சேருங்கள். 1997இல் தலைமை கிறிஸ்டின் ஹல்வோர்சனிடம் சென்றது.

அடுத்த பகுதியில்தான் பிழைகள் மலிகின்றன. 2002 பெப்ரவரியில் இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர்நிறுத்த உடன்படிக்கை ஒப்பமிடப்பட்டபோது சொல்ஹெய்ம் அமைச்சர் அல்லர். வெளியுறவு அமைச்சின் விசேட ஆலோசகர். அன்று ஆட்சியிலிருந்தது பிரதமர் பொண்டவிக் தலைமையிலான வலது மையக் கூட்டணி. வெளியுறவு அமைச்சரான யான் பீட்டர்சன் பழமைவாதக் கட்சியின் தலைவர். எதிரணியைச் சேர்ந்த ஓர் இடதுசாரி அந்த அரசுக்காகப் பணியாற்றினார் என்பதை எழுதினால், முடிவுகளை அவர் தனியாக எடுக்கவில்லை என்பது வாசகருக்குத் தானாகவே புலப்படும். சொல்லிலும் கவனம் வேண்டும். நோர்வே ஏற்றது 'அனுசரணை', அதாவது இரு தரப்பும் பேச உதவும் பணி. அதை 'மத்தியஸ்தம்' என்று மாற்றினால், தீர்ப்புக் கூறும் அதிகாரம் அவர்களிடம் இருந்ததாகப் பொருள்பட்டுவிடும். அந்த முயற்சியை மதிப்பிட நோர்வே அரசே பணித்த ஆய்வறிக்கை 2011இல் வெளியானது. பாராட்டோ குற்றச்சாட்டோ எழுதுமுன் அதைப் படித்துவிடுவது நியாயம்.

அமைச்சர் காலம் 2005 ஒக்டோபரில், பிரதமர் ஸ்டோல்டன்பர்க்கின் சிவப்பு-பச்சைக் கூட்டணியோடு தொடங்குகிறது. அவரது கட்சி அரசில் அமர்ந்தது அதுவே முதன்முறை. முதலில் சர்வதேச அபிவிருத்தித் துறையை மட்டும் ஏற்ற அவர், 2007இல் சுற்றாடல் துறையையும் சேர்த்துக்கொண்டார். இவ்விரு துறைகளும் ஒரே கையில் இருந்ததன் பயனை விரித்து எழுதுங்கள். மழைக்காடுகளைக் காக்கும் நாடுகளுக்கு நிதி வழங்கும் திட்டத்தை 2007 டிசெம்பரில் பாலியில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் நோர்வே அறிவித்தது. மறு ஆண்டு பிரேசிலின் அமேசான் நிதியத்துக்கு 100 கோடி டொலர் வரை தருவதாக உறுதியளித்தது. உள்நாட்டில், ஒஸ்லோவைச் சூழ்ந்த காடுகளைக் கட்டடங்களிலிருந்து காக்கும் சட்டம் 2009இல் நடைமுறைக்கு வந்தது. என் கணிப்பில் அவரது அமைச்சர் பணியின் உச்சம் இதுவே; பத்தியைச் சுருக்காதீர்கள்.

2012 மார்ச்சில் கட்சித் தலைமை அவுடுன் லிஸ்பாக்கனிடம் மாறியபின் அவர் அமைச்சரவையிலிருந்து நீக்கப்பட்டார். 2016இல் ஏற்ற ஐ.நா. சுற்றாடல் அமைப்பின் தலைமைப் பதவியையும், பயணச் செலவுகள் குறித்து உள்ளகக் கணக்காய்வு கண்டித்ததைத் தொடர்ந்து, 2018 நவம்பரில் துறந்தார். அவர்மீது மதிப்புள்ளவர்களும் இதை ஒளிக்காமல், ஆண்டும் காரணமும் சேர்த்து எழுத வேண்டும்.