ரிக்டரின் பியானோவைக் கேட்கத் தொடங்குவது எப்படி

சோவியத் பியானோ கலைஞர் ஸ்வியாத்தோஸ்லாவ் ரிக்டர் பெயரைத் தேடினால் வந்து கொட்டுகிற பதிவுகளைப் பார்த்தே பலர் மலைத்துப்போய்விடுகிறார்கள். ஒரே சொனாட்டாவை, அதாவது பல பகுதிகள் கொண்ட ஒரே பியானோ படைப்பை, வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு வருடங்களில் வாசித்து வைத்திருக்கிறார், எதைத் தொடுவது என்றே புரியாது. அதனால் முதல் விஷயம், பாட்டின் பெயரோடு ஊரையும் வருடத்தையும் சேர்த்தே தேடுங்கள். இரண்டாவது, கச்சேரியில் எடுத்த பதிவிலிருந்து ஆரம்பியுங்கள். ஸ்டூடியோவுக்குள் உட்கார்ந்து வாசிப்பது அவருக்கே பிடிக்காத வேலை. எதிரே ஜனங்கள் இருக்கும்போதுதான் அவர் கை முழுசாகத் திறக்கும்.

ஆளைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு கேட்டால் நல்லது. 1915-இல் உக்ரைனின் ஷித்தோமிரில் பிறந்து ஒடெஸாவில் வளர்ந்தவர். அப்பா ஜெர்மானிய வம்சத்து ஆர்கன் கலைஞர். ரிக்டர் பெரும்பாலும் தானாகவே கற்றுக்கொண்டு, ஒடெஸா ஆப்பராவில் பாடகர்களின் ஒத்திகைக்கு வாசித்துக்கொண்டிருந்தார், அப்புறம் 22 வயதில்தான் மாஸ்கோ கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரிக்குப் போய் ஹைன்ரிஹ் நெய்காவுஸ் முன்னால் உட்கார்ந்தார். தங்க இடமில்லாமல் அந்த ஆசிரியர் வீட்டிலேயே, பியானோவுக்கு அடியில் படுத்துத் தூங்கிய காலமும் உண்டு. 1941-இல் உளவாளி என்று சொல்லி அப்பாவைச் சோவியத் அதிகாரிகள் சுட்டுக் கொன்றார்கள். அம்மா ஜெர்மனிக்குப் போய்விட, அவரை மறுபடி பார்க்க 1960 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் வாசிக்க அவருக்கு அனுமதி கிடைத்ததும் அதே வருடம்தான். இவ்வளவு தெரிந்தால் போதும்.

சரி, முதல் பதிவு: பல்கேரியாவின் சோபியா நகரம், 1958 பிப்ரவரி. ரஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கி தன் ஓவிய நண்பர் ஹார்ட்மன் இறந்தபின், அவருடைய படங்களை வைத்து எழுதிய 'கண்காட்சி ஓவியங்கள்'. ஒலித்தரம் சுமார்தான், அரங்கில் இருமல் ஓயாது, அங்கங்கே தப்புச் சுரமும் விழும். அதற்காக நிறுத்திவிடாதீர்கள். ஆரம்பத்தில் வருகிற மெட்டு, ஒருவர் கண்காட்சிக்குள் நடந்து போவது போன்றது; அது படங்களுக்கு நடுவே திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு முறையும் நடை மாறியிருக்கும். அந்த நடையை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். கடைசியில் கீவ் நகரத்துப் பெருவாயில் வரும்போது மணிகள் ஒன்றன்மேல் ஒன்றாக மோதுவதைக் கேட்டால், இத்தனை நேரம் இருமிக்கொண்டிருந்த கூட்டத்தையே மறந்துவிடுவீர்கள்.

அது கொஞ்சம் பாரமாக இருந்தால், 1959-இல் வார்சா பில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு வாசித்த ரக்மானினோவின் இரண்டாம் கன்செர்ட்டோவை (பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) முதலில் போட்டுக்கொள்ளலாம், தப்பில்லை. ஆரம்பத்தில் பியானோ தனியாக, மெதுவாக ஏறி வரும் அந்தச் சில நொடிகளே உங்களை இழுத்துவிடும்.

அப்புறம் ஷூபர்ட். அவர் படைப்புகளின் பட்டியலில் டி 960 என்ற எண்ணில் இருக்கும் பி ஃப்ளாட் சொனாட்டா, 1828-இல் ஷூபர்ட் சாவதற்கு இரண்டு மாதம் முன்பு எழுதியது. பலர் முதல் பகுதியை 20 நிமிடத்துக்குள்ளேயே முடித்துவிடுவார்கள். ரிக்டருக்கு அதற்கே 24 நிமிடத்துக்கு மேல் ஆகும். முதல் தடவை கேட்கும்போது, ஏன் இப்படி நகராமல் நிற்கிறது என்று எரிச்சல்கூட வரலாம். தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே வரும் எட்டாவது தாளக்கட்டுக்குப் போங்கள். மேலே மெட்டு பிரார்த்தனை மாதிரி அமைதியாகப் போய் நிற்கும், அடியில், பியானோவின் இடது கோடிப் பக்கம், மெலிதாக ஒரு நடுக்கம் கேட்கும், தூரத்தில் இடி உருளுவது போல. அப்புறம் மௌனம். அந்த மௌனத்துக்கு ரிக்டர் எவ்வளவு நேரம் தருகிறார் என்று கவனியுங்கள், அந்த வேகம் எதற்காக என்பது அங்கேயே புரியும். 1957-இல் மாஸ்கோ போயிருந்த கனடா நாட்டுப் பியானோ கலைஞர் கிளென் கூல்ட், இவ்வளவு மெதுவான ஷூபர்ட்டைக் கேட்டு முதலில் அதிர்ந்து, கடைசியில் மயங்கிப்போனார். இங்கிலாந்தின் ஆல்டபர்க் ஊரில் எடுத்த 1964 பதிவைத் தேடிப் பாருங்கள். இயர்போன் போதும், ஆனால் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள், இல்லையென்றால் அந்த அடி நடுக்கம் காதுக்கே வராது.

விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள் என்றும் சொல்வேன். கடைசிக் காலத்தில் அவரே அப்படித்தான் வாசித்தார்: அரங்கு முழுக்க இருட்டு, நோட்ஸ் மேல் மட்டும் ஒரு சின்ன விளக்கு. முகத்தையும் விரலையும் பார்த்துக்கொண்டிருந்தால் இசை காதில் விழாது என்பது அவர் எண்ணம். 1986-இல், 71 வயதில், பல மாதம் சைபீரியாவில் பயணம் போய், கச்சேரி மண்டபமே இல்லாத சிற்றூர்களிலும் வாசித்தார். எனக்கு அவர் மேல் இருக்கும் மரியாதையில் பாதி இதற்காகத்தான்.

இதற்குப் பிறகு பாக். சால்ஸ்பர்க் பக்கத்துக் கிளெஸ்ஹைம் மாளிகையில் எடுத்த 'வெல் டெம்பர்ட் கிளேவியர்'; ஒவ்வொன்றிலும் 24 ஜோடிப் படைப்புகள் கொண்ட இரண்டு புத்தகங்கள். கச்சேரிப் பதிவு இல்லை, ஸ்டூடியோ வேலைதான், ஆனால் அந்தக் கூடத்தின் எதிரொலிக்காகவே இதற்கு விலக்கு. ஒரேயடியாகப் போடாதீர்கள். காலையில் ஒரு பிரெலூட் (முன்னுரை போன்ற சிறு படைப்பு), அதோடு சேர்ந்த ஃபியூக் (ஒரே மெட்டு ஒன்றன்பின் ஒன்றாக வெவ்வேறு குரல்களில் நுழையும் படைப்பு), அவ்வளவுதான். முதல் புத்தகம் முடிய 24 நாள் ஆகும்.