குவில்ட் இதழ்களையும் பேட்டர்ன்களையும் தேடினால் கிடைக்கிற மாதிரி அடுக்குவது எப்படி?

குவில்ட் (துணித் துண்டுகளை இணைத்துத் தைக்கும் போர்வை) தைக்கத் துணியை எடுத்து மேசையில் விரித்தாகிவிட்டது. மனதில் ஒரு நட்சத்திர பிளாக்கும் (துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் ஒரு கட்டம்) இருக்கிறது. ஆனால் அது எந்த இதழில் வந்தது? இரண்டு மணி நேரம் புரட்டிப் பார்த்துவிட்டு, துணியை மடித்து உள்ளே வைத்த நாட்கள் எனக்கு நிறைய உண்டு. இதழ்கள் அதிகமாக இருப்பது ஒரு குறையே இல்லை. வேண்டிய பக்கம் வேண்டிய நேரத்தில் கைக்கு வர வேண்டும், அவ்வளவுதான். அதற்கு நான் கடைப்பிடிக்கும் வழி இது. ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

1. எல்லாம் ஓர் இடத்துக்கு வரட்டும்

அலமாரி, கட்டிலுக்கு அடியில், தையல் மெஷின் இழுப்பறை என்று எங்கெங்கோ இருப்பதை எல்லாம் தரையில் கொண்டுவந்து வையுங்கள். தனியாக வாங்கிய பேட்டர்ன் உறைகள், கிழித்து வைத்த பக்கங்கள், அச்செடுத்த தாள்களும் சேர்த்திதான். இதழ் பெயர்வாரியாகப் பிரித்தால் போதும். உட்கார்ந்து படிக்கத் தொடங்கிவிடாதீர்கள், வேலை அங்கேயே நின்றுவிடும்.

2. மடிப்புத் தாளை அதன் இதழோடு சேருங்கள்

தொடக்கக்காரர்கள் பெரும்பாலும் தாண்டிப் போகும் இடம் இது. எனக்கு இதுதான் முதல் வேலை.

பல குவில்ட் இதழ்களின் நடுவில் பெரிய தாள் ஒன்று மடித்து வைக்கப்பட்டிருக்கும். அதை விரித்தால் இலை, பூ, வளைவு எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாகக் கோடு கோடாக ஓடும். ஒரே தாளில் நாலைந்து வடிவமைப்புகள் இருக்கும். செய்முறை இதழில், வடிவம் தாளில். தாள் தொலைந்தால் அந்த அப்ளிக் (வடிவமாக வெட்டிய துணியை இன்னொரு துணி மேல் வைத்துத் தைப்பது) குவில்ட்டைத் தைக்கவே முடியாது.

ஓர் இலையைப் பிரதியெடுக்க ஒரு தாளை வெளியே எடுத்தேன், வேலை முடிந்ததும் துணிகளோடு வைத்துவிட்டேன். மூன்று வருடம் கழித்துக் கண்ணில் பட்டபோது அது எந்த இதழுடையது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அன்றிலிருந்து தாளை விரித்ததும் முதல் வேலையாக அதன் மூலையில் பென்சிலால் இதழ் பெயர், மாதம், வருடம் எழுதிவிடுகிறேன். நீங்களும் இன்றே எழுதிவிடுங்கள்.

அடுத்தடுத்த இதழ்களில் ‘திருத்தம்’ என்று சிறிய பெட்டிச் செய்தி வந்திருக்கும். அளவில் நேர்ந்த பிழையை அதில்தான் சொல்வார்கள். அதையும் பென்சிலால் மூலப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

3. எது இருக்கட்டும், எது போகட்டும்?

சதுரமும் முக்கோணமும் மட்டுமே உள்ள பிளாக்குகளுக்காக இதழ் இதழாகச் சேர்த்து வைக்கத் தேவையில்லை. அவை வெறும் கணக்கு. தையலுக்காகத் துண்டின் ஒவ்வொரு ஓரத்திலும் கால் அங்குலம் விடுகிறோம். எனவே 9 அங்குல நைன் பேட்ச் (மூன்று வரிசையில் ஒன்பது சதுரம்) வேண்டும் என்றால் 3½ அங்குலச் சதுரங்கள் ஒன்பது வெட்ட வேண்டும். தைத்து முடித்த பிறகு 4 அங்குலம் இருக்க வேண்டிய அரைச் சதுர முக்கோணத்துக்கு (இரண்டு முக்கோணங்கள் சேர்ந்த சதுரம்), அதோடு ⅞ சேர்த்து 4⅞ அங்குலச் சதுரம் வெட்டி, மூலைக்கு மூலை குறுக்கே வெட்டினால் சரி. இந்த இரண்டு வரியை ஓர் அட்டையில் எழுதி மெஷின் பக்கத்தில் ஒட்டினால், குவியலில் பெரும் பங்குக்கு விடை கொடுத்துவிடலாம்.

அப்ளிக், வளைவுத் தையல், பேப்பர் பீசிங் (காகித வடிவத்தை அடிப்படையாக வைத்துத் துண்டுகளைத் தைப்பது) ஆகியவற்றை விட்டுவிடாதீர்கள். அந்த வடிவங்களைக் கணக்குப் போட்டு வரவழைக்க முடியாது. அதேபோல, ‘இந்தத் துணி இப்போது வருவதில்லையே’ என்று ஒரு பேட்டர்னைக் கழிக்கவும் வேண்டாம். கடையில் வெட்டியே விற்கும் துணிக் கட்டுகளில் ஜெல்லி ரோல் என்றால் 2½ அங்குலப் பட்டை, சார்ம் பேக் என்றால் 5 அங்குலச் சதுரம். எந்தத் துணியிலும் அதை நாமே வெட்டிக்கொள்ளலாம்.

மனம் ஊசலாடினால், ‘துணி கையில் இருந்தால் இன்றைக்கே இதைத் தொடங்குவேனா?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

4. பக்கங்களை எடுத்துக் கோப்பில் போடுங்கள்

ஓர் இதழில் மூன்றுக்கு மேல் பிடித்திருந்தால் முழு இதழையும் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டுதான் என்றால் பக்கங்களை மட்டும் எடுங்கள். ஸ்டேப்ளர் கம்பி போட்டிருந்தால் நடுப்பக்கத்தை விரித்து, கம்பியின் இரு கால்களையும் நிமிர்த்தினால் பக்கங்கள் கிழியாமல் வரும். பசை போட்ட முதுகு என்றால் இரும்பு ஸ்கேலும் கத்தியும் வேண்டும். துணி வெட்டும் ரோட்டரி கட்டரைத் தொடவே தொடாதீர்கள், காகிதம் பட்டால் பிளேடு மழுங்கிவிடும். வெட்டுவதற்கு முன் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், வேறொரு பேட்டர்னின் முடிவு அங்கே இருக்கலாம்.

பிளாஸ்டிக் உறை வாங்கும்போது பாலிபுரொப்பிலீன் என்று பார்த்து வாங்குங்கள். பிவிசி உறையில் நாளடைவில் அச்சு மை ஒட்டிக்கொண்டு வந்துவிடும். படம் மேலே தெரிய வேண்டும், டெம்ப்ளேட்டும் (துணியில் வரைந்து வெட்டுவதற்கான மாதிரி வடிவம்) அதே உறைக்குள் இருக்க வேண்டும்.

கோப்பில் உறைகளை இதழ் பெயரை வைத்து அடுக்காதீர்கள். ‘அப்ளிக் ஏதாவது செய்யலாமா’ என்றுதான் நாம் தேடுவோம், இதழின் பெயரைச் சொல்லி யாரும் தேடுவதில்லை. அதனால் அப்ளிக், பேப்பர் பீசிங், வளைவு, பார்டர், குவில்டிங் கோலங்கள் என்று தையல் முறைப்படி பிரியுங்கள்.

5. ஒரு பட்டியல்

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பேட்டர்ன் பெயர், தையல் முறை, முடிந்த அளவு, இருக்கும் இடம் என்று நாலு பத்தி போட்டு எழுதுங்கள். முழு இதழாக வைத்திருப்பவற்றை இதில் எழுதுவது ரொம்ப முக்கியம்.

ஸ்கேன் செய்து வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டெம்ப்ளேட்டை அச்செடுக்கும்போது ‘பக்கத்துக்குள் பொருத்து’ என்ற தேர்வை நீக்கி, 100 சதவீதம் என்று வைக்க வேண்டும். ஐந்து சதவீதம் சுருங்கினாலும் 6 அங்குல பிளாக் 5.7 ஆகிவிடும். தாளில் இருக்கும் 1 அங்குலச் சோதனைக் கட்டத்தை ஸ்கேலால் அளந்து பார்த்த பிறகே துணியில் கை வையுங்கள். அப்புறம், அந்த ஸ்கேன் உங்கள் உபயோகத்துக்கு மட்டுமே. வடிவமைத்தவர் அதை விற்றுத்தான் வாழ்கிறார். தோழிக்குக் கொடுக்க ஆசையாக இருந்தால் அசல் இதழையே கொடுத்துவிடுங்கள்.

6. வைக்கும் இடம்

இதழ்களை நிற்க வைக்கும் பெட்டியில் வைத்தால் அடியில் இருப்பதை உருவ வேண்டியிருக்காது. வெயில் நேராகப் படக்கூடாது, ஈரச் சுவரை ஒட்டியும் வைக்கக்கூடாது. வழவழப்புத் தாள் நனைந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ஸ்டேப்ளர் கம்பி துருப்பிடிக்கும், ராமபாணப் பூச்சியும் குடியேறும்.

7. விடைபெறுபவை

முழு இதழ்களை அவற்றின் மடிப்புத் தாளோடு தையல் பழகும் ஒருவருக்குக் கொடுங்கள். நூலகத்துக்கு என்றால் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பக்கம் எடுத்தவை பழைய பேப்பருக்கு. அந்தப் பெட்டி ஒரு வாரத்துக்கு மேல் வீட்டில் இருந்தால் ஒவ்வொன்றாகத் திரும்ப உள்ளே வந்துவிடும்.

பாதி தைத்து நிற்கும் குவில்ட்டின் பேட்டர்னை மட்டும் கோப்பில் போடாதீர்கள். வெட்டிய துண்டுகள், நூல், பேட்டர்ன் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். எந்த வரி வரை தைத்தீர்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மேலே வையுங்கள். பட்டியலில் அதன் இடத்துக்கு நேரே ‘பையில்’ என்று எழுதிவிடுங்கள்.