'டேக் ஆஃப்': எந்தக் காலத்துக்கு எந்த வடிவம்?

விமானம் கிளம்புவது, செருப்பைக் கழற்றுவது, லீவு போடுவது, மூன்றுக்கும் ஆங்கிலத்தில் 'டேக் ஆஃப்' உண்டு. காலம் மாறும்போதுதான் தடுமாற்றம் வருகிறது. தமிழில் 'எடுத்துக்கொள்' என்பது 'எடுத்துக்கொண்டேன்' ஆகும்போது வால்தான் மாறும். அந்தப் பழக்கத்தில்தான் 'ஸ்விட்ச் ஆஃப்டு', 'டேக் ஆஃப்டு' என்று வாய் போகிறது. ஆங்கிலத்தில் மாறுவது முதல் சொல் மட்டுமே. 'ஆஃப்' எந்தக் காலத்திலும் அப்படியே நிற்கும்.

ஆகவே மனப்பாடம் செய்ய வேண்டியவை 'டேக்'கின் 5 வடிவங்கள்தான்: டேக், டேக்ஸ், டேக்கிங், டுக், டேக்கன். 'டேக்கிங்' எழுதும்போது 'டேக்'கின் கடைசி எழுத்தான 'இ' விழுந்துவிடும்.

வழக்கமாக நடப்பதற்கு 'த பிளேன் டேக்ஸ் ஆஃப் அட் சிக்ஸ்'. கால அட்டவணைப்படி நாளை கிளம்பும் விமானத்துக்கும் இதே வடிவம் போதும், 'வில்' கட்டாயமில்லை. இப்போது ஓடுபாதையில் எழும்பிக்கொண்டிருந்தால் 'இஸ் டேக்கிங் ஆஃப்'. நேற்று கிளம்பியது என்றால் 'டுக் ஆஃப் எஸ்டர்டே'.

அதிகம் சறுக்குவது 'டுக்', 'டேக்கன்' இரண்டுக்கும் நடுவில். 'டுக்' தனியாக நிற்கும், துணைவினை கேட்காது. 'டேக்கன்' தனியாக நிற்காது. 'ஹேஸ்', 'ஹேவ்', 'ஹேட்' மாதிரி ஒன்று முன்னால் வேண்டும். 'ஹேஸ் டுக் ஆஃப்' தவறு, 'த பிளேன் டேக்கன் ஆஃப்' என்பதும் தவறு. 'ஹேஸ் டேக்கன் ஆஃப்' சரி, ஆனால் அதோடு 'எஸ்டர்டே' சேராது. நேரத்தைக் குறிப்பிட்டுச் சொல்வதென்றால் 'டுக்'தான். நாம் போய்ச் சேர்வதற்குள் விமானம் போயிருந்தால் 'ஹேட் டேக்கன் ஆஃப்': 'வென் வீ ரீச்ட் தி ஏர்போர்ட், த பிளேன் ஹேட் டேக்கன் ஆஃப்'.

'டிட்' வந்தால் இறந்தகாலத்தை அதுவே சுமந்துகொள்ளும். 'டிட் நாட் டுக் ஆஃப்' என்றால் இறந்தகாலம் 2 தடவை வந்துவிடுகிறது. 'டிட் நாட் டேக் ஆஃப்', 'டிட் இட் டேக் ஆஃப்?' என்பவையே சரி. 'வில்', 'கேன்' பின்னாலும் வெறும் 'டேக்'தான்.

சந்தேகம் வந்தால் 'ஆஃப்'பை மறந்துவிட்டு, அந்த இடத்தில் 'டேக்' மட்டும் வந்தால் எந்த வடிவம் என்று பாருங்கள். பிறகு 'ஆஃப்'பை ஒட்டுங்கள்.

இனி செருப்பு. 'ஷீ டுக் ஆஃப் ஹெர் ஷூஸ்', 'ஷீ டுக் ஹெர் ஷூஸ் ஆஃப்' இரண்டும் சரி. ஆனால் ஷூஸுக்குப் பதிலாக 'தெம்' போட்டால் அது நடுவில்தான் உட்காரும்: 'டுக் தெம் ஆஃப்', 'ஹேஸ் டேக்கன் தெம் ஆஃப்'. 'டுக் ஆஃப் தெம்' என்று யாரும் சொல்வதில்லை. லீவுக்கும் நாள் கணக்கை நடுவில் வைப்பதே வழக்கம்: 'ஐ டுக் டூ டேஸ் ஆஃப்'.

செயப்பாட்டுவினை எல்லாப் பொருளுக்கும் வராது. பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள் என்றால் 'ஹிஸ் நேம் வாஸ் டேக்கன் ஆஃப் த லிஸ்ட்' சரி. விமானம் தானாகக் கிளம்புகிறது என்ற பொருளில் செயப்படுபொருள் கிடையாது. அதனால் 'த பிளேன் வாஸ் டேக்கன் ஆஃப் அட் சிக்ஸ்' நிற்காது.

'த டேக்காஃப் வாஸ் டிலேய்டு' என்பதில் இருப்பது வினையே அல்ல, பெயர்ச்சொல். இடைவெளியில்லாமல் ஒரே சொல்லாகவோ நடுவில் சிறு கோடு போட்டோ எழுதுவார்கள். அழுத்தம் 'டேக்'கில் விழும். வினையாக வரும்போது பொதுவாக 'ஆஃப்'பில் விழும். இந்தப் பெயர்ச்சொல் காலத்துக்கேற்ப மாறாது. அந்த வாக்கியத்தில் காலத்தைக் காட்டுவது 'வாஸ்'.