வில்லாளிக்கு அம்பை எண்ணிக் கொடுங்கள்

ஆளுக்கொரு கதைமாந்தராக மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் வில்லாளியாக வருபவர் பெரும்பாலும் பின்வரிசையில் நிற்பார். முறை வந்தால் பகடையை உருட்டுவார், பிறகு கைப்பேசிக்குள் போய்விடுவார். குற்றம் அவருடையதல்ல. ஆட்டத்தை நடத்துகிறவர் வில்லுக்குரிய தொல்லைகளையெல்லாம் நீக்கிவிட்டு அதன் பலத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறார். நான் நடத்தும் மேசையில் அந்தத் தொல்லைகள் அனைத்தும் உண்டு. இங்கே சொல்பவை 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிகளை ஒட்டியவை.

முதலில் அம்பு. 20 அம்பின் விலை ஒரு பொற்காசு. ஓர் அம்பறாத்தூணி கொள்வதும் 20தான். எண்ணிக்கையைத் தாளில் அழித்து அழித்து எழுதச் சொன்னால் மூன்றாவது சண்டைக்குள் எல்லோரும் மறந்துவிடுவார்கள். அதனால் நான் புளியங்கொட்டை தருகிறேன். வில்லாளியின் முன் ஒரு கிண்ணத்தில் 20 கொட்டைகள். ஓர் அம்பு எய்தால் ஒரு கொட்டை மேசை நடுவில் இருக்கும் தட்டில் விழ வேண்டும். சண்டை முடிந்ததும் ஒரு நிமிடம் தேடினால் எய்ததில் பாதி திரும்பக் கிடைக்கும் என்பது விதி. தட்டில் உள்ளதில் பாதியை எண்ணிக் கிண்ணத்தில் போடுவேன், மீதி என் டப்பாவுக்குப் போய்விடும். ஒரு நிமிடம் என்றால் சண்டைக் கணக்கில் பத்துச் சுற்று. சத்தம் கேட்டுக் காவலர்கள் படியிறங்கி வரும்போது, “அம்பு பொறுக்குகிறீர்களா, ஓடுகிறீர்களா?” என்று கேட்டுப் பாருங்கள். கிண்ணத்தில் நான்கே கொட்டை வைத்திருப்பவர் உடனே பதில் சொல்ல மாட்டார். கதை நகரத்துக்குள்ளேயே நடக்கிறதென்றால் எண்ண வேண்டாம். தெருமுனையில் கடை இருக்கும்போது அது வெறும் கணக்குப்பிள்ளை வேலை.

அடுத்தது தூரம். சிறு வில்லுக்கு 80/320 அடி, நெடுவில்லுக்கு 150/600 அடி. முதல் எண் வரை இயல்பாக எய்யலாம். அதைத் தாண்டினால் இருபது முகப் பகடையை இரண்டு முறை உருட்டிக் குறைந்ததை எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது எண்ணுக்கு அப்பால் எய்யவே முடியாது. வரைபடத்தில் ஒரு கட்டம் 5 அடி என்பதால் 150 அடி என்பது 30 கட்டம். நிலவறைக்குள் அத்தனை நீள அறை எங்கே இருக்கிறது? அங்கே நெடுவில் தரும் கூடுதல் லாபம் சராசரியாக ஒரு புள்ளிச் சேதம் மட்டுமே. அந்த வில்லின் அருமை வெட்டவெளியில்தான் தெரியும்.

அங்கேயும் அவசரப்படுபவர் தோற்பார். திறமை எண் 16உம் வில் பயிற்சியும் உள்ள முதல்நிலைப் போர்வீரர் பகடையில் விழும் எண்ணோடு 7 கூட்டிக்கொள்வார். கோப்ளின் என்ற குட்டி அரக்கனின் தற்காப்பு எண் 15; கூட்டுத்தொகை அதை எட்டினால் அம்பு படும். இயல்பான தூரத்தில் நூற்றுக்கு 65 அம்பு படும், நெடுந்தூரத்தில் 42தான். 600 அடிக்கு அப்பாலிருந்து ஒரு கோப்ளின் கும்பல் சுற்றுக்கு 60 அடி ஓடி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் அம்பு 600 அடியில், அடுத்தது 540இல். இப்படியே பத்து அம்பு எய்தால், 120, 60 அடிகளில் விடும் கடைசி இரண்டு மட்டுமே நல்ல அம்புகள். ஐந்தாம் நிலைக்கு வந்து முறைக்கு இரண்டு அம்பு விடுபவராக இருந்தால், கும்பல் கைக்கெட்டும் தூரத்துக்கு வரும்போது தூணி காலி. நெடுந்தூரத்திலும் இயல்பாக எய்யவிடும் ஷார்ப்ஷூட்டர் திறனை எடுத்தவருக்கு இந்தக் கவலை இல்லை. மற்றவர்கள் பொறுத்திருக்கக் கற்றுக்கொள்ளட்டும்.

பல மேசைகளில் மறந்துவிடும் விதி ஒன்று உண்டு: நடுவில் நிற்பது உங்கள் தோழரே ஆனாலும் எதிரிக்கு அவர் பாதி மறைவு. தற்காப்பு எண்ணில் 2 கூடும். அதே கோப்ளின் இப்போது 17; உங்கள் 65 சட்டென்று 55 ஆகிறது. கோட்டைச் சுவரின் அம்புத் துளைக்குப் பின்னால் இருந்தால் 5 கூடும், வாய்ப்பு 40க்கு இறங்கும். நான் ஒரு தையல் நூலைக் கையில் வைத்திருக்கிறேன். எய்பவரின் பொம்மையிலிருந்து இலக்கின் பொம்மை வரை இழுத்துப் பிடிப்பேன். நடுவில் யார் தலையாவது தட்டினால் மறைவு உண்டு. கட்டத்தின் மூலையிலிருந்து கோடு போட்டுப் பார்க்கும் விதிப்புத்தகக் கணக்கு இதைவிடத் துல்லியமானது, ஆனால் சண்டையின் வேகத்தைக் கொன்றுவிடும். நூல் தட்டுவதைக் கண்ணால் பார்த்தவர் அடுத்த முறை தானாகவே இரண்டு கட்டம் பக்கவாட்டில் நகர்கிறார். கைப்பேசியும் பைக்குள் போய்விடுகிறது.

எதிரி பக்கத்துக் கட்டத்துக்கே வந்துவிட்டால் மீண்டும் இரண்டு பகடை, குறைந்தது. தரையில் விழுந்து கிடப்பவரைத் தூரத்திலிருந்து எய்தாலும் அப்படியே. ஆகவே உங்கள் வாள்வீரர் ஒருவரைத் தள்ளிவிடும் முன் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளுங்கள். நெருக்கடியில் வில்லைக் கீழே போட்டுவிட்டு வாளை உருவலாம். அதற்குத் தாக்கும் வாய்ப்பை இழக்க வேண்டியதில்லை.

“நாணை இழுத்துப் பிடித்தபடியே நடைபாதை முழுக்க நடக்கிறேன்” என்பார்கள். விடாதீர்கள். 1545இல் மூழ்கி 1982இல் மேலே கொண்டுவரப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் நூற்றுக்கும் மேற்பட்ட நெடுவில்கள் கிடைத்தன. அவற்றில் பலவற்றை முழுதாக இழுக்க 45 கிலோவுக்கு மேல் விசை வேண்டும் என்று கணித்திருக்கிறார்கள். அதை நடந்துகொண்டே யார் பிடித்திருப்பது? அம்பைத் தொடுத்து வைத்திருக்கலாம், அவ்வளவுதான். சண்டைக்குள் என்றால் ரெடி என்ற செயலைப் பயன்படுத்தி, “கதவு திறந்தால் எய்வேன்” என்று முன்கூட்டியே சொல்லட்டும்; அடுத்த முறை வருவதற்குள் கதவு திறக்காவிட்டால் வாய்ப்பு போனதுதான்.

மந்திர அம்புகளுக்கு என்னிடம் குன்றிமணி. மேசையில் குழந்தைகள் இருந்தால் சிவப்புப் பாசிமணி வையுங்கள், குன்றிமணி விஷம். இலக்கில் பட்டதும் அந்த அம்பின் மந்திரம் தீர்ந்துவிடும் என்பதால் மணி நேராக என் டப்பாவுக்கு வரும். தவறிய அம்பில் மந்திரம் அப்படியே இருக்கும். அதைத் தேடுவதற்கு மட்டும் தனியாக ஆறு முகப் பகடையை உருட்டச் சொல்வேன், 4 அல்லது அதற்கு மேல் விழுந்தால் கிடைத்தது. இது புத்தகத்தில் இல்லாத, என் வீட்டு விதி. விளையாட உட்காரும் முன்பே சொல்லிவிட்டால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.