சத்தத்தை அடைக்கப் போய்க் காசை வீணடிக்கும் இடங்கள்

சாலைச் சத்தம் தாங்காமல் படுக்கையறைச் சுவரில் ஃபோம் ஷீட் ஒட்டுகிறார்கள். நம் ஊர் அப்பார்ட்மென்ட்களில் இதைவிட வீணான செலவு இல்லை. ஃபோமும் முட்டை அட்டையும் அறைக்குள் எழும் எதிரொலியைத்தான் குறைக்கும். வெளிச் சத்தத்தை மறிக்க எடை வேண்டும். இருபுறமும் பூசிய 9 அங்குலச் செங்கல் சுவர் ஏற்கெனவே சுமார் 50 டெசிபலை மறிக்கிறது. அதன்மேல் ஒட்டும் ஃபோமுக்கு அங்கே வேலையே இல்லை.

சத்தம் வருவது ஜன்னல் வழியாக, அதுவும் கண்ணாடியைவிட இடுக்கு வழியாக. 5 அடிக்கு 4 அடி ஜன்னலைச் சுற்றி 3 மி.மீ. இடுக்கு இருந்தால், அது ஜன்னல் பரப்பில் கிட்டத்தட்ட 1 சதவீதம். அவ்வளவு திறப்பு இருக்கும்வரை எவ்வளவு விலையுயர்ந்த கண்ணாடி போட்டாலும் 20 டெசிபலுக்கு மேல் குறையாது. ஸ்லைடிங் ஜன்னலில் கதவு ஓடுவதற்காக விடும் இடைவெளியை பிரஷ் போன்ற மயிர்ப்பட்டை மட்டும்தான் மூடுகிறது. மழைநீர் வடியக் கீழே துளைகளும் உண்டு. சாலைப் பக்கம், ரப்பர் கேஸ்கெட்டில் அழுந்தி மூடும் கேஸ்மென்ட் (கீலில் திறக்கும்) கதவே சரி. ஃபிரேமுக்கும் சுவருக்கும் நடுவே சிமென்ட் பூசி மறைத்துவிட்டுப் போவார்கள். காய்ந்ததும் விரிசல் விடும். அங்கே சீலன்ட் (இடுக்கை அடைக்கும், இழுபடும் பசை) கேளுங்கள்.

அடுத்து 'டபுள் கிளாஸ்'. 6 மி.மீ. கண்ணாடி இரண்டு, நடுவே 12 மி.மீ. காற்று என்ற அமைப்பு 200 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 200 அதிர்வு) அளவில் தானாகவே அதிரும்; அந்தச் சத்தத்தைச் சரியாக மறிக்காது. பஸ், லாரி உறுமல் விழும் இடமும் ஏறக்குறைய அதுதான். இருக்கும் ஜன்னலைக் கழற்றாமல், உள்பக்கம் 100 மி.மீ. தள்ளி இன்னொரு ஜன்னல் போட்டால் அந்த அதிர்வு 70 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். பெரும்பாலும் செலவும் குறைவு.

இவ்வளவும் செய்துவிட்டு ஏசி குழாய்க்குப் போட்ட துளையை அடைக்க மறப்பவர்கள் நிறைய. ஜன்னலை மூடினால் வெக்கை, அதனால் ஏசி, அதனால் துளை. குளியலறையின் கண்ணாடிப் பட்டை வென்டிலேட்டரும் திறந்த வாசல்தான்; குளியலறைக் கதவின் அடியிடுக்கையாவது மூட வேண்டும்.

மேல்வீட்டு நடமாட்டத்துக்கு ஃபால்ஸ் சீலிங் போடுவதும் ஏமாற்றம்தான். தளத்தைத் தட்டும் அதிர்வு சுவர்கள் வழியாகவும் இறங்குகிறது. மருந்து மேல்வீட்டுத் தரையில் இருக்கிறது: டைல் பதிக்கும் முன் ரப்பர் விரிப்பு, அதன்மேல் காரை. விரிப்பைச் சுவரோரம் மேலே மடித்துவிட வேண்டும். ஓரத்தில் டைல் சுவரைத் தொட்டால் அந்த ஒரு தொடுகையே பாலமாகிவிடும். தண்ணீர் மோட்டாருக்கும் இதே கதை: அடியில் ரப்பர் வைத்துவிட்டு, குழாயை இறுக்கமான கிளாம்பால் சுவரில் பூட்டுவார்கள்.

ஜெனரேட்டரில் கோளாறு சூட்டால் வருகிறது. 1000 கேவிஏ (மின்திறன் அளவு) வரையிலானவை, அவற்றை மூடியிருக்கும் சத்தத் தடுப்புக் கூண்டிலிருந்து 1 மீட்டரில் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது; புதிதாக வாங்கும்போது தாண்டவும் தாண்டாது. ஆனால் சூடான காற்று வெளியேறும் பக்கத்தை மதில் சுவரை ஒட்டி வைத்துவிடுவார்கள். இயந்திரம் சூடேறி நின்றுபோகும். அப்புறம் வாட்ச்மேன் கூண்டுக் கதவைத் திறந்தே வைப்பார், கூண்டால் ஒரு பயனும் இராது.

புகார் கொடுக்கும்போது நடக்கும் தவறு வேறு. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல். இவை சராசரி அளவுகள். ஒரு ஹாரன் 90 காட்டியது என்று செல்போன் படத்தை நீட்டினால் நிற்காது. பொதுவாக வரம்பை 10 டெசிபலோ அதற்கு மேலோ தாண்டினால்தான் புகாருக்கு இடம். இரவுக் கட்டுப்பாடு மீறப்பட்டால் அந்த 10 தேவையில்லை. ஜெனரேட்டர் ஓடும்போது ஒரு அளவு, நிறுத்தியதும் அதே இடத்தில் இன்னொரு அளவு எடுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 3 டெசிபலுக்குக் குறைவென்றால், நீங்கள் அளந்ததில் பாதிக்கு மேல் சாலையின் சத்தம்.