புதிதாக மருத்துவமனை நடத்துபவர்கள் தவிர்க்க வேண்டிய சட்டத் தவறுகள்

பதிவு, உரிமம், தீயணைப்புச் சான்று இதையெல்லாம் எல்லாரும் ஒழுங்காக வாங்கிவிடுகிறார்கள். சறுக்குவது ஊழியர்கள் விஷயத்தில்தான். மருத்துவமனைகளுக்குத் தொழிலாளர் சட்ட ஆலோசனை சொல்வது என் வேலை. பழைய நிர்வாகிகள் பட்டுத் திருந்திய தவறுகளைப் புதியவர்கள் முதலிலிருந்து செய்வதைப் பார்த்தால் பொறுக்கவில்லை.

பெயருக்கு ஒரு புகார்க் குழு

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில், பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையை விசாரிக்க உள்ளகப் புகார்க் குழு கட்டாயம் என்கிறது 2013-ஆம் ஆண்டின் போஷ் சட்டம் (பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம்). பணியிடம் எது என்று விளக்கும்போது மருத்துவமனையையும் நர்சிங் ஹோமையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. சுவரில் குழுவின் பெயர்ப் பலகை இருக்கும். கிட்டப் போய்ப் படித்தால்தான் லட்சணம் தெரியும்.

ஓரிடத்தில் குழுத் தலைவர், உரிமையாளரான டாக்டரின் மனைவி. அவர் அங்கே வேலையிலேயே இல்லை. வெளி உறுப்பினர், மருத்துவமனைக்குக் கணக்குப் பார்க்கும் ஆடிட்டர். இன்னொரு உறுப்பினர் எப்போதோ ராஜினாமா செய்துவிட்டார். நைட் டூட்டியில் நடந்ததை ஹவுஸ்கீப்பிங் பெண் எழுதிக் கொடுத்தபோது, "நீங்க ஏஜென்சி ஆளும்மா, அங்க போய்ச் சொல்லுங்க" என்று மேனேஜர் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். ஒப்பந்தப் பணியாளர், தினக்கூலி, பயிற்சியில் இருப்பவர் எல்லாருமே இந்தச் சட்டத்தின்படி ஊழியர்கள்தான். கடைசியில் குழுவையே புதிதாக அமைத்து விசாரணை தொடங்கியபோது சிசிடிவி பதிவு அழிந்திருந்தது. பார்த்த சாட்சி வேலையை விட்டுப் போயிருந்தார். அந்தப் பெண்ணுக்கு யார் பதில் சொல்வது?

தலைவர் அங்கேயே வேலை பார்க்கும் மூத்த பெண் ஊழியராக இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள். மூன்று ஆண்டுக்கு மேல் யாரும் நீடிக்க முடியாது. விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். "ஏதாவது கொடுத்து முடிச்சிடலாம்" என்ற பேச்சே வேண்டாம்; பணத்தை வைத்துச் சமரசம் செய்யச் சட்டத்தில் இடமில்லை.

குழு அமைக்காவிட்டால் அபராதம் 50,000 ரூபாய் வரைதானே என்று நினைப்பவர்களுக்கு: மறுபடி மாட்டினால் அது இரட்டிப்பாகும், உரிமமே ரத்தாகலாம். தனியார் நிறுவனங்களில் குழு இருக்கிறதா என்று கணக்கெடுக்க 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கம்பெனியாகப் பதிவு செய்த மருத்துவமனை என்றால், எத்தனை புகார் வந்தது, எத்தனை முடிந்தது, 90 நாளைத் தாண்டி எத்தனை நிற்கிறது என்று இயக்குநர் குழு அறிக்கையில் காட்ட வேண்டும். இது 2025 ஜூலை முதல் அமலில் இருக்கிறது.

வாய்வார்த்தையில் வேலை

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்துவிட்டன. நியமனக் கடிதம் எல்லாருக்கும் கட்டாயம்.

செட்டில்மெண்ட்டை இழுத்தடிப்பது

வேலையை விட்டவருக்குச் சேர வேண்டிய சம்பளம் இரண்டு வேலை நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். அடுத்த மாதச் சம்பளத் தேதி வரட்டும் என்று உட்காராதீர்கள். குறித்த கால ஒப்பந்தத்தில் எடுத்த நர்ஸுக்கு ஓராண்டு முடிந்தாலே கிராஜுவிட்டி (பணிக்கொடை) உண்டு. நிரந்தர ஊழியருக்கான ஐந்து வருடக் கணக்கை அவரிடம் சொல்லாதீர்கள்.

அசல் சான்றிதழ்

ஊழியர்களின் அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைக்காதீர்கள். நகல் போதும்.